வீடு ஓடாது, மீன் ஓடும்

உ
சிவமயம்

கானாடுகாத்தான்,
ஐப்பசி 14

அன்பு மகள் மீனாளுக்கு அப்பச்சி எழுதுவது.

இங்கு எல்லோரும் நலம். நீ, மாப்பிள்ளை, பேரன் நலமறிய ஆவல்.

தைக்கு ஊருக்கு வருமுன் ஒரு கேமரா வாங்க வேண்டும், லென்ஸ் கழற்றி மாற்றும் மிரர்லெஸ் வாங்கவா, தண்ணீர் புகாத சின்ன வாட்டர்புரூஃப் காம்பேக்ட் வாங்கவா என்று கேட்டிருந்தாய். கடைக்காரரைக் கேட்டால் மிரர்லெஸ் என்றுதான் சொல்வார், படம் அதில்தான் தெளிவு என்பார். பொய்யில்லை. ஆனால் நீ படம் எடுக்கப் போவது இரண்டு இடத்தில்: போர்ட் பிளேரில் பேரனோடு கடலுக்குள், தையில் வந்தால் நம் வீட்டு வளவுக்குள் (முற்றத்தைச் சுற்றின உள்கட்டில்). கடலில் படத்தைக் கெடுப்பது தண்ணீர். வளவில் கெடுப்பது இருட்டு. இந்த இரண்டில் எதற்கு வேறு வழி இருக்கிறது, எதற்கு இல்லை என்பதைப் பார்த்து வாங்கு.

முதலில் சென்சார், அதாவது கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லு. வாட்டர்புரூஃப் காம்பேக்டில் இருப்பது 6.2க்கு 4.6 மி.மீ., ஊறின உளுந்தம்பருப்பு அளவு. சாதாரண மிரர்லெஸ்ஸில் (ஏபிஎஸ்-சி என்று போட்டிருக்கும்) 23.5க்கு 15.6 மி.மீ., சின்னத் தபால் தலை அளவு. பரப்பில் 13 மடங்கு. அதனால் இருட்டில் ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவை) ஏற்றினால் காம்பேக்ட் படம் சீக்கிரமே புள்ளி தட்டிப்போகும், மிரர்லெஸ் தாங்கும். இதுவரை எல்லோரும் சொல்வதுதான்.

சொல்லாமல் விடுவது ஒன்று இருக்கிறது. அந்த 13 மடங்கு என்பது வெளிச்சக் கணக்கில் சுமார் மூன்றே முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). மிரர்லெஸ்ஸோடு பெட்டியில் வரும் கிட் லென்ஸ், 16-50 என்று வைத்துக்கொள், ஜூம் செய்து கடைசிக்குப் போனால் திறப்பு எஃப் 5.6, சிலதில் 6.3 (எண் கூடக் கூட ஓட்டை சின்னது). ஓஎம் சிஸ்டம் டிஜி-7 மாதிரி காம்பேக்டில் அகலக் கோணத்தில் எஃப் 2. எஃப் 2க்கும் 5.6க்கும் மூன்று ஸ்டாப் வித்தியாசம். பெரிய சென்சாரில் சம்பாதித்ததில் முக்கால்வாசியைச் சின்ன ஓட்டை லென்ஸ் தின்றுவிடும். மிரர்லெஸ்ஸையும் அகலமாகவே வைத்து எஃப் 3.5இல் எடுத்தால் இரண்டு ஸ்டாப் மிஞ்சும். ஆக, கிட் லென்ஸோடு மட்டும் மிரர்லெஸ் வாங்கி நம் பட்டாலைக் கூடத்தில் பெண்டுகள் உட்கார்ந்து பேசுவதை எடுக்கலாம் என்று நினைத்தால் அது பாதி வாங்கல். எஃப் 1.8 லென்ஸ் ஒன்று கூட வாங்கினால்தான் கொடுத்த காசுக்குப் பலன். பட்ஜெட் போடும்போது அந்த லென்ஸையும் சேர்த்துப் போடு.

இனி வீடு. சாயங்காலம் ஐந்து மணிக்கு வளவுக்குள் நின்று முற்றத்தைப் பார். நடுவில் வானம் வெளேரென்று, சுற்றுப்பத்தியில் தூண் எல்லாம் கருப்பாக. இரண்டாம் கட்டுப் பக்கம் உள்ள வெளிச்சத்துக்குக் கணக்குப் போட்டால் எஃப் 2, ஐஎஸ்ஓ 1600இல் ஷட்டர் (திறந்திருக்கும் நேரம்) 1/60 விநாடி வரும். கையில் பிடித்துக் காம்பேக்டில் இப்படி எடுத்தால் தேக்குத் தூணின் நிறம் சேறு மாதிரி வரும். ஆனால் தூண் நகராது ஆத்தா. டிரைபாடில் வைத்து ஐஎஸ்ஓவை 100க்கு இறக்கினால் அதே இடம், அதே எஃப் 2, ஷட்டர் கால் விநாடி. புள்ளி இல்லை, நிறம் நிறமாக இருக்கும். இந்தக் காம்பேக்டில் ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் வசதி கிடையாது. ஏ மோடில் (திறப்பை நாம் வைக்க, ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும்) எஃப் 2, ஐஎஸ்ஓ 100 வைத்தால் அதுவே இறங்கிக்கொள்ளும். விரலால் அமுக்கினால் ஆடும், 2 விநாடி டைமர் போடு. சென்சார் சின்னது என்பதால் எஃப் 2இலேயே முன்தூணிலிருந்து பின்சுவர் வரை ஃபோகஸில் இருக்கும். மிரர்லெஸ்ஸில் அந்த ஆழம் வேண்டுமென்றால் எஃப் 8, 11 என்று மூட வேண்டும். ஷட்டர் நாலு விநாடி, எட்டு விநாடி ஆகும். அதற்கும் டிரைபாட்தான்.

வானம் வெளுப்பதற்கு: அதே ஃபிரேமில் எக்ஸ்போஷரை −2, 0, +2 என்று மாற்றி மூன்று படம் எடுத்துப் பிறகு சேர்த்துக்கொள். இல்லையென்றால் காலை ஏழு மணிக்கு, வெயில் முற்றத்தில் நேரே இறங்குமுன் எடு. உச்சி வெயிலில் எடுத்தால் ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பு அடித்துப் பக்கத்து வெள்ளைச் சுவரெல்லாம் ரோஜா நிறமாகத் தெரியும்; வொயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறத் திருத்தத்தை) எப்படித் திருப்பினாலும் ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் போகும்.

கேமராவை மேலே அண்ணாந்து பிடிக்காதே, தூண்கள் உள்பக்கம் சாய்ந்துவிடும். திரையில் லெவல் கோடு இருக்கும், அதை நேராக்கி, பின்னால் தள்ளி நின்று எடுத்துக் கீழ்ப்பகுதியை வெட்டிக்கொள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுவர் கண்ணாடி மாதிரி. நேரே அடித்தால் நடுவில் வெள்ளைத் திட்டு விழும். மேலே அடித்துத் திருப்பலாம் என்றால் மச்சு உயரம், அதுவும் மரம், திரும்பி வருவது பழுப்பு வெளிச்சம். கட்டாயம் அடித்தே ஆக வேண்டுமென்றால் தலை திருப்பக்கூடிய ஃபிளாஷை மிரர்லெஸ்ஸில் மாட்டிப் பக்கத்து வெள்ளைச் சுவரில் அடி.

கதவு நிலையில் உள்ள கஜலட்சுமி, ஓலைக் கொட்டான் பின்னல், கண்டாங்கிச் சேலையின் கட்டம், அப்பத்தாவின் கழுத்திரு (கல்யாணத் தாலி மாலை), இவற்றைக் கிட்டத்தில் எடுக்கக் காம்பேக்ட் ஒரு படி மேல். டிஜி வரிசையில் மைக்ரோஸ்கோப் மோடு இருக்கிறது, லென்ஸ் முகப்பிலிருந்து 1 செ.மீ. வரை நெருங்கலாம். கிட் லென்ஸ் 20, 30 செ.மீ.க்குள் ஃபோகஸே பிடிக்காது. அவ்வளவு நெருங்கும்போது கேமராவின் நிழலே பொருள்மேல் விழும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் ஒரு வெள்ளைத்தாளால் திருப்பு. கழுத்திருவைக் கருப்புத் துணிமேல் வைக்காதே, தங்கம் கருப்பை வாங்கிக்கொள்ளும்; பழைய வெள்ளை வேட்டி போதும்.

பெரிதாகப் பிரிண்ட் போட ஆசையென்றால்: காம்பேக்ட் 12 மெகாபிக்சல், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 13க்கு 10 அங்குலம். 24 மெகாபிக்சல் மிரர்லெஸ் 20க்கு 13. ஆல்பத்துக்கு முதலாவதே தாராளம்.

இப்போது கடல். இங்கேதான் மிரர்லெஸ் கையை விரித்துவிடும். “வெதர் சீல்டு” என்று எழுதியிருப்பதை நம்பி யாரும் தண்ணீரில் இறக்கக் கூடாது. அது தூறலுக்கும் புழுதிக்கும்தான். கேனான் ஆர்50 மாதிரி ஆரம்ப மாடல்களில் அதுகூட இல்லை. உள்ளே கொண்டுபோக ஹவுசிங் (தண்ணீர் புகாத கூடு) விற்கிறார்கள். ஒரு மாடலுக்குச் செய்தது இன்னொன்றுக்குப் பொருந்தாது, விலை கேமரா விலையைத் தொடும், தாண்டியும் போகும். பிளாஸ்டிக் பை மாதிரி ஒன்று மலிவாகக் கிடைக்கும். கண்ணாலும் பார்க்காதே.

டிஜி-7 வெறுமனே 15 மீட்டர் ஆழம் தாங்கும், 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும்படி செய்தது. நீயும் பேரனும் எலிஃபண்ட் பீச்சில் ஸ்நார்க்கெல் போட்டு மிதக்கும் ஆழத்துக்கு இது மிச்சம். மாப்பிள்ளை ஸ்கூபா பாஸ் பண்ணப் போவதாகச் சொன்னார்கள். அந்த முதல் சான்றிதழிலேயே 18 மீட்டர் போகலாம் என்பதால் அவர்களுக்கு மட்டும் ஹவுசிங் தேவைப்படும். நிக்கான் டபிள்யூ300, ஃபியூஜி எக்ஸ்பி140 என்று இன்னும் ஆழம் போகிற பழைய மாடல்கள் எங்காவது கண்ணில் படலாம். அந்த வரிசைகளைக் கம்பெனிகளே நிறுத்திவிட்டன. செகண்ட் ஹாண்டில் ரப்பரின் வயது யாருக்கும் தெரியாது, வேண்டாம்.

தண்ணீருக்குள் முதலில் போவது சிவப்பு. ஐந்து மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் காணாமல் போய் எல்லாம் நீலப்பச்சை ஆகிவிடும். அதற்குத்தான் அண்டர்வாட்டர் மோடு. அதைப் போட்டுக்கொள், ரா ஃபைலும் (பிறகு நிறம் திருத்த உதவும் மூலப் பதிவு) சேர்த்து எடு. பொருள் கால் பங்கு கிட்டத்தில் தெரிவதால் நீ நெருங்கியாயிற்று என்று நினைக்குமிடத்தில் இன்னும் தூரம் இருக்கும். ஜூம் போடாதே, ஒரு மீட்டருக்குள் நீயே போ. தண்ணீர் எவ்வளவு குறைவாக நடுவில் இருக்கிறதோ அவ்வளவு தெளிவு. ஃபிளாஷை அணை, மணல் துகள் ஒவ்வொன்றும் பளிச்சிட்டு மார்கழிப் பனி மாதிரி விழும். வெயில் உச்சிக்கு ஏறின நேரம், பத்திலிருந்து இரண்டுக்குள், வெளிச்சம் நன்றாக உள்ளே இறங்கும்.

வாட்டர்புரூஃப் கேமராவைக் கொல்வது ஆழமில்லை, கதவு. பேட்டரி, கார்டு போடும் மூடியின் ஓரத்தில் ஓடும் ரப்பரில் ஒரு தலைமயிரோ மணலோ குறுக்கே கிடந்தால் முடிந்தது. முதல்நாள் ராத்திரி வீட்டில், ஏசி அறையில், காய்ந்த கையோடு பேட்டரி போட்டு, ரப்பரை நூல் விடாத துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து மூடு. இரண்டு பூட்டும் விழுந்ததா என்று பார். ஏசி அறை என்பதற்குக் காரணம் உண்டு: கடற்கரைக் காற்றில் திறந்தால் ஈரம் உள்ளே அடைபடும், கேமரா குளிர்ந்த தண்ணீரில் இறங்கினதும் லென்ஸ் கண்ணாடியின் உள்பக்கம் பனித்துவிடும், துடைக்க வழியே இல்லை. படகில் மூடியைத் திறக்கவே திறக்காதே, ஒரு சார்ஜில் முந்நூறு படம் வரும். வெயிலில் காய்ந்து சுட்ட கேமராவை அப்படியே தண்ணீரில் போட்டால் உள்ளே காற்று சுருங்கும், சுருங்கின காற்று ரப்பர் சந்தில் தண்ணீரை இழுக்கும். ஈரத்துண்டில் சுற்றி நிழலில் வை. படகு விளிம்பிலிருந்து கேமராவோடு குதிக்கக் கூடாது, 15 மீட்டர் என்பது அசையாத தண்ணீர்க் கணக்கு. இது மிதக்காது, கழுத்துப் பட்டைக்குப் பதில் ஆரஞ்சு நிற மிதவைப் பட்டை வாங்கு.

வந்ததும் மூடியைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவிட்டு, உள்ளேயே பட்டன்களை நாலைந்து தரம் அமுக்கு. உப்பு படிந்தால் பட்டன் இறுகும், அடுத்த தடவை அந்த உப்புத் துணுக்கே ரப்பரைத் தூக்கும். உங்கள் ஊரில் தண்ணீர்க் கஷ்டம் தெரியும், ஒரு குண்டான் போதும். சோப்பு கூடாது, சுடுதண்ணீர் கூடாது, ஹேர் டிரையர் கூடாது. வருஷத்துக்கு ஒரு முறை சர்வீஸில் ரப்பர் மாற்றிவிடு.

ஆகவே என் பேச்சு இதுதான். காம்பேக்டை வாங்கு. வீட்டு இருட்டுக்கு டிரைபாட் என்று ஒரு வழி இருக்கிறது. தண்ணீருக்கு மிரர்லெஸ்ஸில் அப்படியொரு மலிவான வழி இல்லை. ஒன்றை மறைக்கக் கூடாது: பகல் வெளிச்சத்தில் கரையில் நின்று எடுக்க உன் போனே இந்தக் காம்பேக்டை விடத் தேவலை. இதை வாங்குவது தண்ணீருக்கும், புழுதிக்கும், கிட்டத்துப் படத்துக்கும்தான். சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு வந்தாலும் லென்ஸ் வெளியே நீளாது என்பதால் செம்மண் உள்ளே போகாது.

டிரைபாடால் ஆகாதது ஆட்கள் படம். சின்ன மாமா வீட்டுக் கல்யாணத்தில் திருப்பூட்டும் (தாலி கட்டும்) நேரத்தை நீயே எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் மட்டும் மிரர்லெஸ். அப்போதும் பாடியில் காசைக் கொட்டாதே. பழைய சோனி ஏ6400, நிக்கான் இசட்50 எதுவானாலும் சரி; சோனிக்கு 35 எஃப் 1.8, நிக்கானுக்கு 24 எஃப் 1.7, அதில் மிச்சத்தைப் போடு. சீரியல் செட் வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாக விழும். சைலண்ட் ஷட்டரை அணைத்து 1/50 அல்லது 1/100இல் வை. லென்ஸ் மாற்றும்போது கேமராவை அணைத்து, வாயைக் கீழே பார்க்கப் பிடித்து, காற்றுக்கு முதுகு காட்டி மாற்று. தூசி விழுந்ததா என்று பார்க்க எஃப் 16இல் வெறும் வானத்தை எடுத்தால் கரும்புள்ளி தெரியும். வாயால் ஊதாதே, எச்சில் தெறிக்கும். ரப்பர் புளோயர் வாங்கு.

அந்தமான் ஈரத்தில் மிரர்லெஸ் லென்ஸ் பூஞ்சை பிடிக்காமல் வைப்பது தனி வேலை. காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல், கூடவே ஈரமானி; 40லிருந்து 50 சதவீதத்தில் நிற்க வேண்டும். தோல் பைக்குள் வைத்து மூடாதே. பட்டுச்சேலைப் பெட்டிக்குள் பத்திரம் என்று உங்கள் அம்மா சொல்வாள், கேட்காதே. பாச்சை உருண்டை, கற்பூரம் இரண்டும் கேமராவுக்கு ஆகாது.

டிரைபாட் வாங்க வேண்டாம், மேல்மாடியில் இருக்கிறது. அம்மா மாவுருண்டையும் சீப்புச் சீடையும் நாளை பார்சலில் அனுப்புகிறாள். அதே டின்னில் தனிக் கவரில் சிலிகா ஜெல் கால் கிலோ வைத்திருக்கிறேன், நீ எதை வாங்கினாலும் உதவும். கவரின்மேல் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன், இருந்தாலும் டின்னைப் பேரன் திறக்குமுன் நீ திற.

அன்புடன்,
அப்பச்சி