143ஆம் பக்கம்

சாருக்கு,

நாளையோடு ஒரு வருஷம். பஸ் கிடைக்காததால்தான் காரியத்துக்கு வரவில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பஸ் இருந்தது. மன்னித்துவிடுங்கள். வந்தால் அங்கேயும் ஓரமாக நின்று யார் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேனோ என்று பயம். அப்படிப் பழக்கியது நீங்கள்தானே.

மேடம் இதைப் படிக்கக்கூடும், உங்களிடம் படித்தவர்களும் படிப்பார்கள். அதனால் வைவாவுக்கு, அந்த வாய்மொழித் தேர்வுக்கு, முந்தைய அந்த ஆறு மாதத்தைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. நீங்கள் நெறியாளராகத் திருத்திய என் ஆய்வேட்டின் 143ஆம் பக்கம் மட்டும்.

மொய் பற்றிய இயலில் துட்டி வீடு வரும் இடம். 'நான் அழுதேன்' என்று எழுதியிருந்தேன். சிவப்பு மையில் அதை அடித்தீர்கள், ஸ்கேல் வைத்து. ஓரத்தில் 'ஆய்வாளர் கவனித்தார்' என்று எழுதினீர்கள். கோடிச் சேலைப் பத்தி முழுவதும் போனது. "ஜன்னல் கண்ணாடி மாதிரி இரும்மா. கண்ணாடி கண்ணுக்குத் தெரியக் கூடாது." டீ வந்தது. நான் தலையாட்டினேன்.

நான் ஆய்வு செய்த ஊரில் ஒரு பெரியம்மா என்னிடம் ஆறு மாதம் வாயே திறக்கவில்லை. அன்று துட்டி வீட்டில் என் நோட்டைப் பிடுங்கித் திண்ணையில் வைத்து, என்னை ஒப்பாரி வட்டத்துக்குள் உட்காரவைத்தார். என் அம்மா போய் அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அழுகை வந்துவிட்டது. அப்புறம்தான் எந்தச் சேலை எந்த வீட்டிலிருந்து வந்தது, யார் யாருக்குத் திருப்பிச் செய்யவேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். ஆண்களின் மொய் நோட்டில் இல்லாத கணக்கு அது. நான் அழாமல் அது கிடைத்திருக்காது.

உங்கள் மானிடவியலாளர் மலினோவ்ஸ்கியே, பசிபிக்கின் ட்ரோபிரியாண்ட் தீவுகளைப் பற்றிய 1922 நூலின் முன்னுரையில் என்ன கேட்டார்? இயற்பியலிலும் வேதியியலிலும் சோதனை எப்படி நடந்தது என்று விவரமாகச் சொல்லாமல் யாரும் முடிவைத் தரமாட்டார்கள், இங்கேயும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்றார். என் சோதனையில் அழுகையும் ஒரு ஏற்பாடு, சார். அதை அடித்ததுதான் அறிவியலுக்கு விரோதம். இந்தப் பதில் எனக்குப் பதினோரு வருஷம் கழித்து வந்தது.

அவர் மறைந்து கால் நூற்றாண்டு கழித்து, 1967இல் வெளிவந்த அவருடைய களப்பணி டைரியை நீங்கள் பழுப்பு அட்டை போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தீர்கள். ட்ரோபிரியாண்ட் மக்கள்மேல் எரிச்சல், நாவல் படித்துப் பொழுதைப் போக்கிய குற்றவுணர்வு, காதலி ஏக்கம், எல்லாம் அதில் இருந்தது. உங்களுக்குத் தெரியாததில்லை. பிறகு அன்னெட் வைனர் என்ற மானிடவியலாளர் அதே தீவுகளுக்குப் போனார். இழவுச் சடங்கில் பெண்கள் வாழையிலைக் கட்டுகளைப் பங்கிடுவதைப் பார்த்து, அதுவும் செல்வம்தான் என்று 1976இல் புத்தகம் எழுதினார். மலினோவ்ஸ்கி பொருட்படுத்தாமல் விட்டது அது. அதைப் படித்த அன்று உங்கள்மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 1986இல் கிளிஃபோர்டும் மார்கஸும் மக்களோடு இருந்து அவர்கள் வாழ்வை எழுதும் இனவரைவியல் எழுத்தையே கேள்வி கேட்டுத் தொகுத்த நூலை 'இலக்கியக்காரர்கள் வேலை' என்று தள்ளினீர்கள். தப்பு. ஆனால் (ஒன்பது பேர் எழுதியதில் ஒரே ஒரு பெண் என்பது வேறு கதை) அதற்குப் பின் வந்த சிலரிடம் 'நான்' மட்டும்தான் மிச்சம், ஊரைக் காணவில்லை. அந்த வியாதி எனக்கு வராததற்கு நீங்களும் காரணம்.

அடுத்த மாதம் ஆய்வேடு புத்தகமாகிறது. அந்தப் பக்கத்தைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். ஊர்ப் பெயரும் பெரியம்மா பெயரும் இல்லை, அவர் கேட்டுக்கொண்டபடி. நன்றியுரையில் உங்களைப் பற்றி மூன்று முறை எழுதி அடித்தேன். நான்காம் முறை கை தானாக 'ஆய்வாளர் தம் நெறியாளருக்குக் கடமைப்பட்டுள்ளார்' என்று எழுதியது. அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.