எங்கே இறங்குவீங்க?

அன்புள்ள சித்திக்கு,

மும்பைக்குத் தனியாகப் போய்வந்த பிறகு, போன வெள்ளிக்கிழமை சிவதாபுரத்தில் உங்கள் வீட்டுக்கு வந்தபோது, "தனியா அவ்வளவு தூரம் போயி என்னத்தக் கண்ட கண்ணு?" என்று கேட்டீர்கள். சித்தப்பா இருந்தார், பக்கத்து வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். "நல்லா இருந்துச்சு சித்தி" என்று மட்டும் சொல்லி, டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். அது பாதிப் பதில்தான். நன்றாகவும் இருந்தது, சில நேரம் வயிற்றைப் பிசையவும் செய்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை. தனியாகப் போகலாமா என்று யோசிக்கிற நம்மூர்ப் பெண்கள் யாராவது படிக்கட்டும் என்று, மீதியை இங்கேயே எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன்.

ரயிலில் ஒரு குறையும் இல்லை. சேலம் ஜங்ஷனில் குர்லா எக்ஸ்பிரஸ் ஏறினால் தர்மபுரி, ஓசூர், பெங்களூரு, குண்டக்கல், சோலாப்பூர், புனே என்று ஓடி மறுநாள் மும்பையில் இறக்கிவிடும். நீங்கள் கட்டிக் கொடுத்த புளிசாதம் குண்டக்கல் வரைக்கும் வந்தது.

இறங்கின பிறகுதான் சோதனை. முன்கூட்டியே போன் செய்து சொல்லி வைத்திருந்த லாட்ஜில் என் ஆதார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "கூட யாரு?" என்றார்கள். யாருமில்லை என்றேன். தனியாக வரும் பெண்ணுக்கு அறை கிடையாது என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முப்பத்தாறு வயதாகிறது, என் சம்பாத்தியத்தில் காசு கொடுக்கிறேன், அப்படியும் ஒரு கதவு அடைக்கிறது. அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

பையைத் தூக்கிக்கொண்டு மாட்டுங்கா ஸ்டேஷனில் போய் உட்கார்ந்தேன். தமிழ் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிற பகுதி அது என்று கேள்விப்பட்டிருந்தேன், அந்தத் தைரியம்தான். பெஞ்சில் உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. அப்புறம் மெல்ல நிமிர்ந்து பார்த்தால், டிக்கெட் கவுண்டரில் பெண், டிக்கெட் பரிசோதிப்பவர் பெண், காவலுக்கு நிற்பவர் பெண். 2017 முதல் அந்த ஸ்டேஷனை முழுக்கப் பெண்களே நடத்துகிறார்களாம். பரிசோதகர் அம்மா ஒருவர் என் பக்கத்தில் வந்து இந்தியில் ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. என் கண்ணையும் பையையும் பார்த்து அவருக்குப் புரிந்துவிட்டது. வெளியே கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய் ஒரு பூக்காரம்மாவிடம் விட்டார். வாழை இலை, கறிவேப்பிலை, மல்லிகைச் சரம் எல்லாம் நம்ம கடைவீதி மாதிரியே குவிந்திருந்தது. "எந்த ஊரும்மா?" என்று அந்தம்மா தமிழில் கேட்டதும் மறுபடி அழுதேன். பெண்களுக்கு மட்டும் அறை விடுகிற ஒரு வீடு அவர் சொல்லித்தான் கிடைத்தது.

மறுநாளிலிருந்து லோக்கல் ரயில். இதைத்தான் உங்களுக்கு விவரமாகச் சொல்ல வேண்டும். பெண்கள் பெட்டி தனியாக இருக்கிறது. வண்டி ஸ்டேஷனில் அரை நிமிஷம் நின்றாலே அதிகம், அதற்குள் இறங்குகிறவர்கள் இறங்கி, ஏறுகிறவர்கள் ஏறியாக வேண்டும். மூன்று பேர் உட்காரும் சீட்டில் நான்காவது ஆளுக்கும் நுனியில் இடம் உண்டு, பாதி உடம்புதான் சீட்டில் இருக்கும். ஒருத்தர் மடியில் கவர் விரித்துப் பட்டாணி உரிக்கிறார். கம்மல், ஹேர் கிளிப் எல்லாம் அட்டையோடு விற்பனைக்கு வருகிறது.

முதல் நாள் நான் உட்கார்ந்த உடனே ஒருத்தர் கேட்டார்: "கஹா உதர்னா ஹை?" எங்கே இறங்குவீங்க என்று கேட்கிறார் என்பது கையசைவில் தெரிந்தது. பேச்சுக் கொடுக்கிறார் என்று நினைத்து, சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ், கடைசி ஸ்டேஷன்) என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவர் தலையாட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொருத்தரும் கேட்டார், அவரும் அப்படியே. மனசு சுருங்கிப் போச்சு. இரண்டாம் நாள்தான் விஷயம் பிடிபட்டது. நான் எழுந்தால் அந்த இடம் அவருக்கு. அதற்குத்தான் கேள்வி.

நம்ம ஊர் பஸ்ஸில் உட்கார்ந்தால் எந்த ஊரு, யாரு வூட்டுப் பொண்ணு, கல்யாணம் ஆச்சா, ஏன் ஆகலை என்று ஐந்து ரோடு ஸ்டாப் வருவதற்குள் கேட்டு முடித்துவிடுவார்கள். அங்கே என் ஜாதகம் யாருக்கும் வேண்டாம், நான் இறங்குகிற ஸ்டேஷன் பேர் போதும். எத்தனையோ வருஷமாகத் தோளில் கிடந்த ஒன்றை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் நானே ஒரு பாட்டியிடம் "கஹா உதர்னா ஹை?" என்று கேட்டேன். "தாதர்" என்றார். அவர் எழுந்ததும் நான் உட்கார்ந்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல!

சி.எஸ்.எம்.டி. கட்டடத்தை எதிர்ப்பக்கம் நின்று ஒரு மணி நேரம் பார்த்தேன். அதையொட்டி இருந்த போரி பந்தர் என்கிற பழைய ஸ்டேஷனிலிருந்துதான் 1853 ஏப்ரல் 16 அன்று இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் தாணேவுக்குப் போனது, 34 கிலோமீட்டர். சாயங்காலம் மரைன் டிரைவ். நாம் மெரினாவில் கடலுக்குள்ளிருந்து சூரியன் வருவதைப் பார்த்தவர்கள். இங்கே அது கடலுக்குள் இறங்குகிறது. திண்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், ஒருத்தரும் ஏனென்று கேட்கவில்லை. ஏற்காடு ஏரிக்கரையில் பத்து நிமிஷம் தனியாக உட்கார்ந்தாலே, "யாருக்கும்மா வெயிட் பண்றே?" என்று யாராவது வந்துவிடுவார்கள்.

ஆனால் இருட்டினதும் அந்த வளைந்த கடற்கரைச் சாலை முழுக்க விளக்கு எரிந்தது. சின்ன வயதில் ஏற்காடு லேடீஸ் சீட்டில் என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு, கீழே தெரிகிற விளக்குகளில் "அதோ ஜங்ஷன், அதோ செவ்வாய்ப்பேட்டை, அங்கதான் பாட்டி இப்ப அடுப்பு மூட்டிட்டு இருப்பா" என்று காட்டுவீர்களே. இங்கே ஆயிரமாயிரம் விளக்கு இருந்தும், இது இன்னார் வீடு என்று கை நீட்ட எனக்கு ஒன்றுகூட இல்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

கடைசி நாள் மும்பாதேவி கோயிலுக்குப் போனேன். அந்த அம்மன் பேரில்தான் ஊருக்கே பேர். பக்கத்திலேயே ஜவேரி பஜார். ஒரு வெள்ளிக் கடையில், சிவப்புத் துணி மேல் வரிசையாகக் கொலுசு. ஒன்றைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. சங்கிலிக்குக் கீழே மும்மூன்றாகச் சலங்கை, நடுவில் சின்னப் பூ. வெண்காரம் தொட்டு, தீயை ஊதி ஊதி, கண்ணில் தண்ணீர் வழிய நீங்கள் பற்றவைப்பீர்களே, அதே மாதிரி. கடைக்காரர் எடுத்துக் காட்டி, "சேலம் பாயல்" என்றார். பாயல் என்றால் கொலுசு.

"சேலம்! சேலம்!" என்று என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். எங்க சித்தி செய்யிறது என்று தமிழிலேயே சொன்னேன். அவர், "ஹான் ஹான், சேலம்" (ஆமா ஆமா) என்று சந்தோஷமாகத் தலையாட்டி, உள்ளே போய் இன்னும் இரண்டு ஜோடி சேலம் கொலுசு எடுத்துவந்து முன்னால் வைத்தார்.

அந்த நிமிஷம் நீங்கள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் சித்தி. நான்கு நாளில் அந்த ஒரு நிமிஷம்தான் தனியாக வந்திருக்கக் கூடாது என்று நினைத்தேன். ஆனால் தனியாகப் போகாமல் இருந்திருந்தால் அந்தச் சந்துக்குள் நான் நுழைந்திருக்கவே மாட்டேன், எல்லோருமாக எலிஃபண்டா குகைகளைப் பார்க்கப் படகு ஏறியிருப்போம்.

முதலில் பார்த்த ஜோடியை வாங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை எடுத்து வருகிறேன். ஒரு கொலுசில் திருகாணி கொஞ்சம் லூசாக இருக்கிறது, சரி பண்ணிக் கொடுங்கள். அப்படியே வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, நம்ம பக்கத்து வேலைதானா என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்
செவ்வாய்ப்பேட்டை, சேலம்