பாம்பன் மீன்கடை அக்காவுக்கு ஒரு நன்றி

ராமேஸ்வரம் வீட்டில் ஊரிலிருந்து வந்த சொந்தங்கள் பத்துப் பேர் தங்கியிருந்தபோது வழிகாட்டிய, பெயர் தெரியாத மீன்கடை அக்காவுக்கு எங்கள் எல்லார் சார்பிலும் நன்றி.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது; அப்போது நாட்டுப்படகு மீனைக் கேட்டு வாங்கச் சொன்னீர்கள். செவுள் சிவப்பாக, கண் புடைத்து, அழுத்திய இடம் உடனே மேலெழ வேண்டும். தலை, குடல், செதில் போக எடை நன்றாகக் குறையும் என்பதால் பத்துப் பேருக்கு முழு மீனாக மூன்று கிலோ. வறுக்கும்போது மீன் துண்டில் ஈரம் நின்றால் தோசைக்கல்லில் ஒட்டும். ஒரு பக்கம் மொறுமொறுப்பாகும் முன் திருப்பினால் உடையும். (சங்கரா மீன் வறுவல் காலியான வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!)

மீனைவிடப் பெரிய உதவி, கடலைப் பற்றிய எச்சரிக்கை. கோயிலுக்கு எதிரே உள்ள அக்கினி தீர்த்தக் கடலில் அலை குறைவு. அந்தத் தைரியத்தில் தனுஷ்கோடி கோடியில் உள்ள அரிச்சல்முனையில் இறங்கக் கூடாது. அங்கே நீரோட்டம் காலடி மணலை அரித்துக்கொண்டே போகும், முழங்கால் ஆழத்திலேயே பிள்ளைகள் நிலைதடுமாறுவார்கள். அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடைவெளி வழியாகத்தான் தண்ணீர் உள்ளே இழுக்கும். சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாக நீந்தி விலகவேண்டும்.

கோயிலில் 22 தீர்த்தமும் ஆடியபின் ஈர உடையோடு சந்நிதிக்குள் விடமாட்டார்கள், ஆளுக்கொரு மாற்றுத்துணி தனிப்பையில் வேண்டும் என்றதும் நீங்கள்தான். ஈரக் கல்தரையில் பெரியவர்களைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகச் சொன்னதற்கு அத்தையின் தனி நன்றி.