தரம் 6-க்கு எந்தப் பாடசாலை?

வட கரோலினா,
ஜூன் 14

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. புலமைப்பரிசில் பரீட்சைக்காகச் சின்னவள் விடியற்காலை நான்கு மணிக்கே எழும்பிப் படிக்கிறாள் என்று வாசித்ததும் மனம் கனத்துவிட்டது. பத்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு பாரமா என்று அத்தானிடம் சொல்லுங்கள்.

நானும் இங்கே தரம் 6-க்குத்தான் அலைந்துகொண்டிருக்கிறேன். அங்கே போலப் பரீட்சையின் வெட்டுப்புள்ளியை வைத்துப் பாடசாலை கொடுப்பது இங்கே கிடையாது. வீடு எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அந்தப் பாடசாலைதான். தம்பியை முதலாம் தரத்தில் சேர்க்க வீட்டு உறுதி, வாக்காளர் பட்டியல், மின்சாரப் பட்டியல் என்று கோப்பைக் கட்டிக்கொண்டு கொழும்பில் காலி வீதி முழுக்க அப்பா நடந்தது நினைவிருக்கிறதா? அதே கதைதான். ஜூலையோடு எங்கள் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. அடுத்த வீட்டை எங்கே பார்க்கிறோமோ, அதுவே மகனின் பாடசாலையையும் முடிவு செய்துவிடும்.

இந்தக் கவுண்டியில், அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரியான பிரிவில், அரசாங்க நடுநிலைப் பாடசாலைகள் இரண்டுதான். தரம் 6 முதல் 8 வரை நடக்கும். ஒன்று இவர் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், நகரத்தில் இருக்கிறது. மற்றது கிழக்கே, வற்றாளங்கிழங்குத் தோட்டங்களுக்கு நடுவில். அமெரிக்காவிலேயே அதிகமாக வற்றாளை விளைவது இந்த மாநிலத்தில்தான்.

மாநில அரசாங்கம் ஒவ்வொரு பாடசாலைக்கும் ஏ முதல் எஃப் வரை ஒரு மதிப்பீட்டு எழுத்துப் போட்டு வெளியிடுகிறது. நகரத்துப் பாடசாலைக்கு பி, கிழக்குப் பாடசாலைக்கு டி. இவர் அதைப் பார்த்தவுடனே நகரத்தில் வீடு தேடத் தொடங்கிவிட்டார். நான்தான் ஒரு கிழமை பொறுங்கள் என்றேன்.

அந்த எழுத்து எப்படி வருகிறது என்று தேடி வாசித்தேன், அக்கா. 80 வீதம் ஆண்டிறுதிப் பரீட்சையில் பிள்ளைகள் எடுத்த நிலை. 20 வீதம் மட்டுமே அந்த ஓராண்டில் அவர்கள் எவ்வளவு முன்னேறினார்கள் என்பது. வீட்டில் புத்தகமும் படித்த பெற்றோரும் உள்ள பிள்ளை முன்னாலேயே நின்று தொடங்குகிறது. பின்னால் தொடங்கிய பிள்ளையை ஆசிரியர் எத்தனை படி ஏற்றினாலும் அந்த உழைப்பு அந்த 20-க்குள் அடங்கிப் போகிறது. முன்னேற்றத்தைத் தனியாகவும் வெளியிடுகிறார்கள். அதில் கிழக்குப் பாடசாலை எதிர்பார்த்ததைவிட மேலே நிற்கிறது, நகரத்துப் பாடசாலை எதிர்பார்த்த அளவில் நிற்கிறது. நல்ல பெறுபேற்றில் பாடசாலையின் பங்கு எவ்வளவு, ரியூசன் வகுப்பின் பங்கு எவ்வளவு என்று நீங்கள் கணிதம் படிப்பித்த காலத்தில் கேட்பீர்களே, அந்தக் கேள்விதான் எனக்கு வழி காட்டியது.

இரண்டுக்கும் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். நகரத்தில் கட்டடம் புதிது. இசைக்கருவிகளுக்கே தனி அறை. தரம் 8 இலேயே உயர்நிலைப் பாடசாலையின் முதற் கணிதப் பாடத்தை இரண்டு வகுப்புகளில் நடத்துகிறார்கள். ஆனால் ஆங்கிலம் இரண்டாம் மொழியான பிள்ளைகளுக்கான ஆசிரியை கிழமையில் இரண்டு நாள்தான் வருவாராம்.

கிழக்குப் பாடசாலை பழைய செங்கல் கட்டடம். தோட்டங்களிலும் கோழி ஆலைகளிலும் வேலை செய்பவர்களின் பிள்ளைகள்தான் பாதிப் பேர். வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறார்கள். அதனால் அப்படியொரு ஆசிரியை அங்கே தினமும் இருக்கிறார். மகனைப் பக்கத்தில் இருத்தி, "உன் மொழியிலேயே ஏதாவது எழுது" என்றார். வெள்ளவத்தைக் கடற்கரையில் தண்டவாளத்தைக் கடந்து போவதைப் பற்றி அவன் ஐந்து வரி எழுதினான். உரக்க வாசிக்கச் சொன்னார். பிறகு ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் கேட்டார். ரயில் எவ்வளவு பக்கத்தில் வரும், உனக்குப் பயமில்லையா என்றார். தரம் 5 முழுவதும் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை கையை ஆட்டி ஆட்டி ரயிலைக் காட்டினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குறையையும் மறைக்கவில்லை. ஆசிரியர்களின் அடிப்படைச் சம்பளம் மாநிலத்திலிருந்து வருகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு கவுண்டியும் தன் வசதிக்கேற்ப ஒரு தொகை சேர்க்கும். ராலி நகரம் இருக்கும் வேக் கவுண்டி சேர்ப்பதை இந்த ஏழைக் கவுண்டியால் சேர்க்க முடியாது. கிழக்குப் பாடசாலையின் கணித ஆசிரியர் ஒருவர் ஜனவரியில் அங்கே போய்விட்டாராம். மிச்ச மாதங்கள் மாற்று ஆசிரியர்களோடு போயிருக்கின்றன. இதே மாநிலத்தின் ஐந்து ஏழைக் கவுண்டிகள் 1994 இல் வழக்குப் போட்டன. முறையான அடிப்படைக் கல்வி ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமை என்று மாநில உயர் நீதிமன்றம் 1997 இல் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பை வாசித்துச் சந்தோஷப்பட்ட எனக்கு, ஆளில்லாத கணித மேசையைப் பார்த்தபோது கோபம் வந்தது. இந்தப் பிள்ளைகள் இன்னும் எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும்?

ஆனாலும் கிழக்கே வீடு பார்க்க முடிவு செய்துவிட்டோம். பஸ் பயணம் 40 நிமிடம், அது பரவாயில்லை. மகன் பேசத் தொடங்கிய இடத்தை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. இவரும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

கணிதத்துக்கு உங்களைத்தான் நம்பியிருக்கிறேன். சனிக்கிழமைகளில் இங்கே காலை எட்டு மணி, உங்களுக்கு மாலை ஐந்தரை. அட்சரகணிதத்தை அரை மணி நேரம் தொலைபேசியில் சொல்லிக் கொடுப்பீர்களா? தரம் 7 தமிழ்மொழிக் கணிதப் பாடநூல் ஒன்றும் அனுப்புங்கள். மகனின் தடுப்பூசிப் பதிவேடு அம்மாவின் அலுமாரியில், நீலப் பைக்குள் இருக்கும். பாடசாலை தொடங்கி 30 நாட்களுக்குள் அதைக் கொடுக்க வேண்டும். படம் எடுத்து முதலில் அனுப்பிவிடுங்கள், மூலப் பிரதி தபாலில் வரட்டும்.

அன்புடன்,
தங்கச்சி