பதிவு மேசையிலேயே பறிபோகும் பதக்கங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான மண்டல விளையாட்டு விழாக்கள் பற்றிய புகார் என்றாலே தங்குமிடமும் நடுவர் தீர்ப்பும்தான் செய்தியாகின்றன. வீரர் களத்தில் கால் வைக்கும் முன்பே அவருடைய வாய்ப்பைப் பறித்துவிடும் பெயர்ப் பதிவையும் கால அட்டவணையையும் யாரும் கண்டுகொள்வதில்லை.

2025 ஜூலையில் ஜெர்மனியின் ரைன்-ரூர் பகுதியில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிக்கு இந்திய பேட்மிண்டன் அணியில் 12 பேர் போனார்கள். ஆடக் கிடைத்தது 6 பேருக்கு மட்டுமே. மேலாளர்கள் கூட்டத்தில் மற்றவர்களின் பெயர்கள் முறைப்படி தரப்படவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. அந்த ஆறு பேரும் கலப்பு அணிப் போட்டியில் வெண்கலம் வென்றார்கள் என்பது அவர்களுடைய திறமை. மற்ற ஆறு பேருக்கு யார் பதில் சொல்வது?

உலகப் போட்டியிலேயே இந்த நிலை என்றால் மண்டலப் போட்டிகளைச் சொல்லவே வேண்டாம். பதிவு பொதுவாக மூன்று கட்டமாக நடக்கிறது. எத்தனை பேர் வருகிறார்கள் என்ற எண்ணிக்கை முதலில் போகும். பிறகு பெயர்ப் பட்டியல். கடைசியாக, போட்டிக்கு முந்தைய தொழில்நுட்பக் கூட்டத்தில் யார் எந்தப் பிரிவில் இறங்குகிறார் என்ற உறுதிப்படுத்தல். இணையத்தில் பெயர் ஏற்றியதோடு வேலை முடிந்தது என்று நினைத்து மூன்றாவதில் கோட்டை விடுபவர்களே அதிகம். அந்தக் கூட்டத்துக்குப் போகிறவர் அச்சிட்ட பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயரையும் பிரிவோடு சேர்த்து வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்க வேண்டும். உறுதி செய்த தாளின் நகலை வாங்காமல் எழுந்து வரக் கூடாது.

நம் பிள்ளைகளுக்கு இனிஷியல் தரும் தொல்லை தனி. மதிப்பெண் பட்டியலில் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர், பல்கலைக்கழகச் சான்றில் இன்னொரு விதம். மூன்றும் ஒரே ஆள்தான் என்று சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் நிரூபிக்க அரை நாள் போய்விடும். பல்கலைக்கழகப் பதிவாளர் கையெழுத்திட்ட ஒரே ஒரு கடிதத்தை ஊரிலிருந்து கிளம்பும்போதே வாங்கி வைத்தால் தீரும் சிக்கல் இது.

அடுத்தது கால அட்டவணை. தடகளத்தில் 200 மீட்டர் வரையிலான ஓட்டங்களில் ஒரு சுற்றின் கடைசி ஹீட்டுக்கும் (ஹீட் என்பது ஒரு சுற்றில் சேர்ந்து ஓடும் ஒரு குழுவின் ஓட்டம்) அடுத்த சுற்றின் முதல் ஹீட்டுக்கும் இடையே முடிந்தவரை குறைந்தது 45 நிமிடம் வேண்டும் என்கின்றன உலகத் தடகள விதிகள். அதற்கு மேல் 1000 மீட்டர் வரை 90 நிமிடம். 1000 மீட்டரைத் தாண்டினால் இரண்டு சுற்றையும் முடிந்தவரை ஒரே நாளில் வைக்கக் கூடாது. அமைப்பாளர்கள் இந்த 45 நிமிடத்தை முதல் ஹீட் தொடங்கும் நேரத்திலிருந்து எண்ணிவிடுகிறார்கள். 64 பேர், 8 பாதை என்றால் 8 ஹீட். ஹீட்டுக்கு 5 நிமிடம் வைத்தாலே கடைசி ஹீட் ஓட 35 நிமிடம் கழிந்துவிடும். அதில் ஓடியவருக்குக் கிடைப்பது வெறும் 10 நிமிடம். சரியாக எண்ணினாலும், ஓட்டத்துக்கு முன் வீரர்கள் கூட வேண்டிய அழைப்பறைக்கு 20 நிமிடம் முன்னதாகப் போக வேண்டியிருந்தால் மிஞ்சுவது 25 நிமிடம். தொடைத் தசை பிடித்துக்கொண்டு பாதி வழியில் உட்கார்ந்துவிடும் ஓட்டக்காரரின் பயிற்சியைக் குறை சொல்லும் முன் அந்த அட்டவணையைப் பார்க்க வேண்டும். விதியில் உள்ளது குறைந்தபட்ச அளவு. நான்கு நாளில் 100, 200, தொடர் ஓட்டம் மூன்றிலும் இறங்கும் மாணவருக்கு அது போதாது. அரையிறுதியைக் காலையிலும் இறுதியை மாலையிலும் வைக்க எந்தத் தடையும் இல்லை.

ஓட்டமும் நீளம் தாண்டுதலும் ஒரே நேரத்தில் வந்தால், முன்கூட்டியே நடுவரிடம் சொன்னால் அந்தச் சுற்றில் தாண்டும் வரிசையை மாற்றித் தர விதியில் இடமுண்டு. சொல்லாமல் ஓடப் போய்விட்டால், உரிய நேரம் கடந்ததும் அந்த வாய்ப்பை விட்டுக்கொடுத்ததாகவே எழுதிக்கொள்வார்கள்.

தொடர் ஓட்டத்திலும் இதே கதைதான். யார், எந்த வரிசையில் ஓடுகிறார்கள் என்ற படிவத்தை, அந்தச் சுற்றின் முதல் ஹீட்டுக்கு அறிவிக்கப்பட்ட முதல் அழைப்பு நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கொடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் மேலாளர் கைப்பந்து மைதானத்தில் இருப்பார். பல விளையாட்டுகளுக்கு ஒரே மேலாளரை அனுப்பிச் செலவை மிச்சம் பிடிக்கும் பல்கலைக்கழகங்கள், தடகளத்துக்கு மட்டுமாவது தனி ஆளை அனுப்ப வேண்டும். போட்டியை நடத்துபவர்கள் வரைவு அட்டவணையை இரண்டு வாரம் முன்பே அணிகளுக்கு அனுப்பி, மோதும் நேரங்களைக் கேட்டுத் திருத்திய பிறகே இறுதி செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
பல்கலைக்கழக உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர்