புதிய கார்களும் துருப்பிடிக்கின்றன

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பனிக்காலத்தில் உறைபனியை உருக்கச் சாலையில் தூவப்படும் உப்பு பழைய கார்களைத்தான் அரிக்கும், புதியவற்றை ஒன்றும் செய்யாது என்ற எண்ணம் கார் வைத்திருப்போரிடம் வேரூன்றிவிட்டது. அது பாதி உண்மை. மீதிப் பாதியை நான் அண்மையில்தான் நேரில் கண்டேன்.

எட்டு ஆண்டுகள் ஓடிய கார் ஒன்றை வாங்கும் எண்ணத்துடன் பார்க்கச் சென்றிருந்தேன். கதவுகளின் அடிவிளிம்பிலோ மட்கார்டின் வளைவிலோ ஒரு கொப்புளம்கூட இல்லை. வண்டியை மேலே தூக்கி, அடியிலிருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றியதும், அதன் மடிப்பில் ஒரு கைப்பிடி ஈரச் சேறு உப்போடு தேங்கிக் கிடந்தது. அதையொட்டிச் செல்லும் பிரேக் குழாயை மெக்கானிக் விரலால் தேய்க்க, துரு செதில் செதிலாக உதிர்ந்தது. விலை பேசாமலே திரும்பினேன்.

முன்பெல்லாம் வெறும் இரும்புத் தகட்டின் மேல் பெயின்ட் அடித்த வண்டிகள் சில பனிக்காலங்களிலேயே ஓட்டை விழுந்து, பட்டி பார்த்து ஒப்பேற்றும் நிலைக்கு வந்துவிடும். 1986இல் வெளிவந்த ஆடி 80 போன்ற கார்களில் உடல் முழுவதற்கும் துத்தநாகம் பூசிய தகடு பயன்படுத்தப்பட்டது. துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும். கார்க்கூட்டை அப்படியே தொட்டியில் முக்கி எடுக்கும் மின்பூச்சு முறையும் பரவியதால், மேல்தகட்டில் துரு தெரிவது அரிதாகிவிட்டது. ஆனால் இந்தக் காப்பெல்லாம் பெரும்பாலும் மேல்கூட்டுக்குத்தான். பிரேக் குழாய், சுருள்வில், எஞ்சினைத் தாங்கும் சட்டம் ஆகியவை இன்றும் சக்கரம் வாரியிறைக்கும் உப்புநீரில்தான் நனைகின்றன. பழைய வண்டியில் மேலே தெரிந்த துருவே கீழேயும் பார்க்கச் சொல்லி எச்சரித்தது. புதிய வண்டியில் அந்த எச்சரிக்கையும் இல்லை.

கடுங்குளிரில் சாதாரண உப்புக்கு வேகம் குறைவு என்பதால், பல இடங்களில் மெக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் சேர்க்கிறார்கள். இவை காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சுபவை. சாலை காய்ந்த பிறகும் காரின் இடுக்குகள் நசநசத்துக்கொண்டே இருக்கும். வண்டியைச் சூடான கொட்டகையில் நிறுத்துவது அதற்குச் செய்யும் உபகாரம் என்று நினைக்கிறோம். கழுவாமல் நிறுத்தினால், உறைந்து கிடந்த உப்புநீர் உருகி அரிப்பு வேகமெடுக்கிறது என்பதே உண்மை.

அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், பிரேக் குழாய்த் துரு குறித்த விசாரணை ஒன்றை 2015இல் முடித்தபோது, உப்பிடும் மாநிலங்களில் 2007ஆம் ஆண்டு மாடலும் அதற்கு முந்தையவையுமான வண்டிகளை வைத்திருப்போர் அடிப்பாகத்தை நன்கு கழுவவும் குழாய்களைச் சோதிக்கவும் அறிவுறுத்தியது. அன்று அவற்றில் புதியவற்றின் வயது எட்டு ஆண்டுகள்தான்.

துருவுக்குப் பல்லாண்டு உத்தரவாதம் என்று விற்பனையாளர் சொல்வதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பொதுவாக அது, தகடு உள்ளிருந்து அரித்து வெளிப்புறம் வரை ஓட்டை விழுந்தால் மட்டுமே பொருந்தும். பிரேக் குழாய் அதில் சேராது. ஆகவே சர்வீஸ் செய்வோர், பிரேக் பேடின் தடிமனை மில்லிமீட்டரில் எழுதித் தருவதைப் போலவே, மூடியைக் கழற்றிப் பார்த்துக் குழாய்களின் நிலையையும் ஒரு புகைப்படத்துடன் பதிவு செய்து தர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்