ரோட்டில் உட்கார்ந்த ஒன்பது நாள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நல்ல சுகம். சாரல் இன்னும் விட்டபாடில்லை. போன் பேசினால் நீ டியூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுகிறாய். இங்கேயும் லயத்துக்கு (நம் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு) மேலே பாறையில் ஏறி நின்றால்தான் டவர் கிடைக்கிறது. அதனால்தான் கடிதம்.

போன வாரம் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஆஸ்பத்திரியில் நர்சுகள் எல்லாரும் சேர்ந்து சம்பளம் கூட்டிக் கேட்கப் போகிறீர்கள். கட்சிச் சங்கத்தில் சேரலாம் என்று ஒருத்தி, தனியாகவே நிற்போம் என்று இன்னொருத்தி. கடைசியில் நீ கேட்டாயே, “நீங்களும் தனியாத்தானே நின்னீங்க, அப்புறம் எலெக்ஷன்ல தோத்துட்டீங்களே?” என்று. சுருக்கென்று இருந்தது. ஆனால் பொய் இல்லை.

2015இல் மூணாறில் நாங்கள் போராடியபோது நீ தென்காசியில் பாட்டி வீட்டிலிருந்து படித்துக்கொண்டிருந்தாய். டிவியில் பார்த்ததுதான் உனக்குத் தெரியும். முந்தின வருஷம் 19 சதவீதம் வந்த போனஸ் அந்த வருஷம் 10 என்றார்கள். தினக்கூலி 232 ரூபாய். அதற்கு 21 கிலோ தேயிலைக் கொழுந்து எடுத்தாக வேண்டும். எங்களுக்காகப் பேச வேண்டிய சங்கத்துக்காரர்கள் வாய் திறந்த மாதிரி தெரியவில்லை. செப்டம்பர் 5ஆம் தேதி தொடங்கியது. இடுப்பில் கட்டின படுதாவோடு மூணாறு டவுனில் போய் உட்கார்ந்தோம். ஒவ்வொரு எஸ்டேட்டிலிருந்தும் இறங்கி வந்து, ஆயிரக்கணக்கில் பெண்கள். ஆண்கள் ஓரமாக நிற்கட்டும், நடுவில் வேண்டாம் என்றோம். பொம்பிள ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை என்ற பேர் அப்படித்தான் நிலைத்தது.

எனக்குப் பக்கத்தில் மேல் டிவிஷன் அக்கா ஒருத்தி. விரல் நுனியெல்லாம் கறை ஏறி வெடித்துப்போயிருந்தது. டிவிக்காரப் பையன் ஒருவன் மைக்கை நீட்டினான். “மூஞ்சிய எடுக்காத தம்பி, கைய எடு” என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் பேசவில்லை. அன்று ராத்திரி கேரளா முழுக்க அந்தக் கையைப் பார்த்திருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

வந்த தலைவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினோம். அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த வி.எஸ். அச்சுதானந்தனை மட்டும் விட்டோம். தொண்ணூறு தாண்டிய மனுஷன், எங்களோடு உட்கார்ந்தார். 13ஆம் தேதி கொச்சியில் முதலமைச்சர் உம்மன் சாண்டி பேச்சு நடத்தினார். 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத் தொகை. ஆக 20. நம் உழைப்புக்குக் கொடுப்பதில் கருணை எங்கிருந்து வந்தது என்று எனக்கு எரிச்சல்தான். சரி, வாங்கிக்கொண்டோம்.

எங்கள் கண்ணீரைப் பார்த்து அவர்கள் இறங்கி வரவில்லை, பாப்பா. நவம்பரில் பஞ்சாயத்துத் தேர்தல் இருந்தது. டூரிஸ்டு வண்டி ஒன்றுகூட உள்ளே வர முடியவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார், எல்லா டிவியும் இங்கே. ஆட்சியில் இருப்பவருக்குப் பயம் வருகிற நேரம் என்று ஒன்று உண்டு. நாங்கள் அதைக் கணக்குப் போட்டுச் செய்யவில்லை, தானாக அமைந்தது. நீங்கள் கணக்குப் போட்டுச் செய்யுங்கள்.

கூலி விஷயம்தான் கையை விட்டுப் போனது. நாங்கள் கேட்டது 500. கூலியைத் தீர்மானிக்கிற தோட்டத் தொழிலாளர் கமிட்டியில் பதிவான சங்கங்களுக்குத்தான் நாற்காலி. நாங்கள் வெளியே. அக்டோபரில் 301 என்று முடித்துவிட்டார்கள். ரோட்டில் ஜெயித்ததை மேஜையில் வேறு யாரோ பேசி முடித்தார்கள். 2017இல் மலையாளத்து நர்சுகள் குறைந்தபட்சச் சம்பளம் 20,000 என்று அரசாங்கத்தை ஒத்துக்கொள்ள வைத்தபோது, அவர்கள் சங்கத்தின் ஆட்களே உள்ளே போய் உட்கார்ந்தார்கள். அந்த வித்தியாசத்தை உன் தோழிகளிடம் சொல்.

இனி தேர்தல் கதை. பஞ்சாயத்தில் நம் பெண்கள் மூன்று பேர் ஜெயித்தார்கள், அதில் ஒருத்தி பிளாக் பஞ்சாயத்துக்கு. 2016 சட்டசபைக்கு தேவிகுளத்தில் நம் பெண் ஒருத்தி நின்றபோது ஆயிரம் ஓட்டுகூடத் தேறவில்லை. அதற்குள் எங்களுக்குள்ளேயே பிரிந்தும் போயிருந்தோம். இன்னொன்றும் சொல்கிறேன், அப்பாவுக்குக்கூடத் தெரியாது. நானும் அவளுக்கு ஓட்டுப் போடவில்லை. போனஸுக்கு அவளோடு ஒன்பது நாள் மழையில் உட்கார்ந்தவள்தான் நான். ஆனால் ரேஷன் கார்டில் பேர் விட்டுப்போனால், அப்பாவுக்குப் பென்ஷன் பேப்பர் எழுத வேண்டுமென்றால், கட்சிக்கார அண்ணனிடம்தானே போய் நிற்கிறோம்? அந்த முகத்தை நினைத்துக்கொண்டுதான் பட்டனை அமுக்கினேன்.

இதே இடுக்கி ஜில்லாவில்தான் வேறு கதையும் நடந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையைப் பாதுகாக்க வந்த கஸ்தூரிரங்கன் அறிக்கை, கட்டுப்பாடு வரும் இடங்களில் கேரளாவின் 123 கிராமங்களைச் சேர்த்தது என்று 2013இல் ஹர்த்தால் மேல் ஹர்த்தால். அதை நடத்தியவர்களில் முன்னால் நின்றது மலை விவசாயிகளின் ஹைரேஞ்ச் சம்ரக்ஷண சமிதி. அவர்கள் ஆள் ஜாய்ஸ் ஜார்ஜ் 2014இல் இடதுசாரி ஆதரவோடு சுயேச்சையாக நின்று எம்.பி.யே ஆகிவிட்டார். அவர்களால் முடிந்தது ஏன் நம்மால் முடியவில்லை என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். அவர்களுக்குச் சொந்த வீடு, ஏலத்தோட்டம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூடுகிற சர்ச். நமக்கு? லயம் கம்பெனியுடையது. வேலை போனால் அடுப்பையும் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும். ஒன்பதாவது நாள் முடிந்திருக்காவிட்டால் பத்தாவது நாள் நான் வந்திருப்பேனா என்று எனக்கே தெரியாது.

கூட்டம் கூடினால் நியாயம் அந்தப் பக்கம்தான் என்றும் நினைத்துவிடாதே. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு பிரச்சினையில் குமுளியில் இரண்டு பக்கமும் கூட்டம்தான். ஏலத்தோட்டத்து வேலைக்கு வந்த நம் பெண்கள் அடிவாங்கி ஓடினார்கள். அணையைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்?

நாங்கள் தோற்றது தோற்றதுதான். ஆனாலும் இப்போது கூலிப் பேச்சு என்றால் சங்கத்துக்காரர் லயத்துக்கு வந்து, “அக்கா, உங்க அபிப்பிராயம் என்ன?” என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார். முன்னால் அப்பாவிடம் கேட்பார், நான் கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

நீங்கள் முதலில் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள். யார் உள்ளே போய்ப் பேசுவது என்பதை இப்போதே எழுதி வையுங்கள். கட்சிக்காரர் வந்தால் உட்காரட்டும், மைக்கை மட்டும் கொடுக்காதீர்கள். அப்புறம், நீ தங்கியிருக்கிற ஹாஸ்டல் ஆஸ்பத்திரிக்காரர்களுடையதுதானே? சம்பளம் கேட்டுக் கடிதம் கொடுப்பதற்கு முன்னால் வெளியே ஒரு ரூம் பார்த்து மாறிவிடு. அட்வான்ஸுக்குக் கவலைப்படாதே, சீட்டுப் பணம் 15ஆம் தேதி கைக்கு வரும்.

அன்புடன்,
அம்மா